இடம் வலம்

ஆறு வருடம் பீரோவுக்கு மேல் கிடந்த பெட்டிக்குள்
எறும்பு குடியேறியிருந்தது.
வாலுக்குள் முட்டைகள், நொய்யரிசி போல.
இறக்கையைத் தட்டினேன்
ஒரு ஊரே மூட்டை கட்டியது.

பழைய பேட்டரி பூரியாய் உப்பியிருந்தது.
உப்புத் தண்ணீர் வாளியில் இரண்டு நாள் முக்கி வைத்தேன்.
கருவாட்டுக்கு என்று நினைத்து
கீழ்வீட்டு ஷகிலா அதற்கு மூடி போட்டுவிட்டுப் போனாள்.

ரிச்சி தெருவில் புதுசு வாங்கும்போது
டிரோனுக்கா மேடம் என்றான் கடைப்பையன்.
விமானத்துக்கு என்றேன்.
நிமிர்ந்து பார்த்தான்.
பில் வேணுமா என்றான்.

கொருக்குப்பேட்டையில் ஏறினால்
கும்மிடிப்பூண்டி லோக்கலில் அந்நேரம் உட்கார இடம் கிடைக்கும்.
மடியில் விமானம்.
பக்கத்தில் வெற்றுக் கூடையோடு ஒருத்தி
இறக்கையில் கன்னம் படத் தூங்கினாள்.
அத்திப்பட்டு வரை
நான் அசையவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்
காசிமேட்டில், கப்பல் வராத ஒரு ஞாயிறு,
திரும்பி வந்த விமானம்
என் விரலை மறந்தது.
அல்லது விரல் அதை.
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த எட்டியப்பன் காதுக்கு
ஒரு சாண் தள்ளிப் போய்
ஐஸ் பெட்டியில் மூக்கைச் செருகி நின்றது.
இன்னாம்மா, பருந்துக்குத் தாகமா, என்று சிரித்தார்.
உடைந்த விசிறியைத் துடைத்துக் கையில் கொடுத்தார்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
எனக்கு ஆனது அதுதான்.

உப்பளத்து வரப்பு. ஈரம் காயாத வெள்ளை.
தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்.
காற்று எந்தப் பக்கம் என்று
அவற்றைக் கேட்டால் போதும்:
தெற்கிலிருந்து, மெதுவாக, சாம்பல் வாசனையோடு.

மூன்று பையன்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார்கள்.
அக்கா, கேமரா கீதா?
இல்லடா.
அப்ப இது இன்னாத்துக்கு?

நல்ல கேள்வி.
கட்டை விரல் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க
நெஞ்சு நெஞ்சாக நிறுத்தி வைத்து
மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க
என்று சொல்கிறவள் நான்.
சொன்னேன், எனக்கே.
கையால் வீசினேன்.

ஏறியது.
விட்டுப் போகும்போது எல்லாம் சுலபம்.
அதன் இடது என் இடது
அதன் வலது என் வலது
கொக்கு ஒன்று ஒதுங்கி வழிவிட்டது.
திருப்பினேன்.

என்னைப் பார்த்து வரத் தொடங்கியதும்
இடம் வலமாகிவிடும்.
புத்தகத்தில் ஒரு வரி.
வானத்தில் அரை நொடி.
இடப்பக்கம் தள்ளினேன், வலப்பக்கம் சாய்ந்தது.
இன்னும் தள்ளினேன், இன்னும் சாய்ந்தது,
மின்கம்பி கோபுரம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

படத்தில் நோயாளியின் இடது
எப்போதும் என் வலப்பக்கம்.
ஒரு நாளைக்கு எண்பது பேர்.
ஒருவருக்கும் மாற்றிப் படித்ததில்லை.
எதிரில் நிற்கிற நெஞ்சு, அவ்வளவுதான், பெனடிக்டா.
தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடு
கரையேறிய படகுக்குக் கொடுப்பது போல.

கொடுத்தேன்.

கோபுரத்துக்கும் கொக்குக்கும் நடுவில்
நிமிர்ந்தது.

இறங்கியதை இறங்கியது என்று சொல்ல முடியாது.
உப்பில் மூக்கால் ஒரு கோடு கிழித்து நின்றது.
விசிறியில் ஒரு பல் போயிற்று.
அப்போதுதான் தெரிந்தது
விடுங்க என்று சொல்ல மறந்திருக்கிறேன்,
மூச்சு இன்னும் உள்ளேயே இருக்கிறது.

பையன்கள் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்.
நில்லுங்க, அங்கேயே நில்லுங்க.
அடுத்த லோக்கலுக்கு நேரம் இருக்கிறது.
பேட்டரியில் நாலு நிமிஷம் இருக்கிறது.
பையில் வேறு விசிறி இருக்கிறது.

தள்ளிப் போங்கடா என்றேன்.
போனார்கள்.
இன்னும்.
சைக்கிள்கிட்டயா அக்கா?
அதுக்கும் அந்தாண்ட.
முகம் தெரியாத தூரம் வரை போகச் சொன்னேன்.
அங்கிருந்து ஒருத்தன் கையை ஆட்டினான்.
இடதா வலதா, தெரியவில்லை.