பொத்தான்

புரூம் நகரில் இறங்கிய முதல் நாளே
என் வெள்ளைச் சட்டை தோற்றுவிட்டது.
செம்மண் என்று நான் இதுவரை சொன்னதெல்லாம்
வெறும் காவி.
இது, துருவும் மிளகாய்த்தூளும் கலந்து
வெயிலில் இன்னொரு முறை வறுத்தது.
துவைத்தாலும் போகாது என்றார் விடுதிக்காரர்
விருது வழங்குகிற முகத்தோடு.

கடல் அன்று ஊரில் இல்லை.
பழைய படகுத்துறை மட்டும்
முழங்காலுக்கு மேல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு
அலையாத்தி மரங்களிடையே சேற்றில் நின்றது.
தூண்டிலும் கையுமாய் ஒரு பெண்
குளிர்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.
"நாலு மணிக்கு வரும்" என்றாள்,
பேருந்தைச் சொல்வதுபோல.

அதுவரை எங்கே போவது?
முத்துக்குளித்தவர்களின் கல்லறைக்குப் போனேன்.
ஜப்பானிலிருந்து வந்தவர்கள்,
தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர்.
கடற்பாறையில் வெட்டிய கற்கள்.
ஒரு பெயரும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை,
எண்கள்கூட எழுத்துக்களாகவே இருந்தன.
ஆகவே கற்களையே வாசித்தேன்:
குட்டைக் கல், சாய்ந்த கல்,
பக்கத்துக் கல்லின் நிழலில்
தலை வைத்திருந்த கல்.
ஒன்றின் காலடியில் பச்சைப் புட்டி.
யாரோ பாதி குடித்து
மீதியை அவருக்கு வைத்திருந்தார்கள்.

குனிந்தபோது
சட்டையின் மூன்றாவது பொத்தான் தெறித்தது.
சிவப்பில் வெள்ளை சுலபமாய்க் கண்ணில் படும்
என்றுதான் நானும் நினைத்தேன்.

பழந்துணிக் கடையில்
வானொலி கால்பந்தைக் கத்திக்கொண்டிருந்தது.
ரொவீனா, கல்லாவில் இருந்தவள்,
ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தாள்.
நூறு சட்டைகளின் பொத்தான்கள்.
"எது வேணுமோ எடு. ஐம்பது காசு."
எது சிப்பி, எது பிளாஸ்டிக் என்றேன்.
ஒன்றை எடுத்துத் தன் மேலுதட்டில் ஒற்றிப் பார்த்தாள்,
துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.
முப்பத்தேழு டிகிரி, மின்விசிறியும் ஓடவில்லை.
அந்தப் பொத்தான் மட்டும்
இன்னும் கடலடியில் இருந்தது.

"முத்துக்காகத்தானே மூழ்கினார்கள்?"
மூச்சடக்கி முத்தெடுப்பது என்றே
என் மொழி எனக்குச் சொல்லிவைத்திருந்தது.
சிரித்தாள்.
"முத்தா? அது லாட்டரி.
கூலி சிப்பி ஓட்டுக்கு. ஓடு பொத்தானுக்கு.
லண்டனிலும் நியூயார்க்கிலும்
ஆம்பிளைங்க கழுத்தை மூட வேண்டாமா?"

அவள் தாத்தாவின் அண்ணன்
அங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறாராம்.
செம்புத் தலைக்கவசம், ஈயம் வைத்த காலணி.
"மேலே வந்தப்போ உயிரோடதான் இருந்தார்.
கொஞ்சம் அவசரமா வந்துட்டார், அவ்வளவுதான்.
ரத்தம் சோடாவா நுரைச்சுப்போச்சு."
சில்லறையை எண்ணியபடியே சொன்னாள்:
"அது அப்பா வழி. அம்மா வழியில
நாங்க இந்த மண்ணேதான், யாவுரு.
கவசம், காலணி எல்லாம் வர்றதுக்கு முன்னாடி
எங்க பெண்களைத்தான் இறக்கினாங்க.
சம்மதம் கேட்கல.
அவங்களுக்குக் கல் எதுவும் கிடையாது,
போய்ப் பார்க்கணும்னு நீ நினைச்சா."
வானொலியில் யாரோ கோல் போட்டார்கள்.
மேசையைத் தட்டினாள்.

கடல் நாலேகாலுக்கு வந்தது.
சத்தமே இல்லை.
படகுகள் ஒவ்வொன்றாய் எழுந்து உட்கார்ந்தன.

விடுதியில் கறுப்பு நூல்தான் இருந்தது.
நாலு துளைப் பொத்தான்களுக்கு நடுவே
ரெண்டு துளைக்காரனைத் தைத்துக்கொண்டு
கூரையில்லாத பழைய திரையரங்குக்குப் போனேன்.
ஒரு காலத்தில் ஓதம் உள்ளே வந்தால்
ஜனம் கால்களைத் தூக்கிக்கொண்டு
படம் பார்க்குமாம்.
காதலன் உண்மையைச் சொல்லும் நேரத்தில்
தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழ்ந்து இறங்கியது.
நான் ஒருவன்தான் நிமிர்ந்து பார்த்தேன்.
என்ன சொன்னான் என்று
பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.
தெரியாது, போன வாரமும் கேட்கவில்லை என்றார்.

என் பிளாஸ்டிக் பொத்தான்
அந்தக் கல்லறையில் எங்கோ கிடக்கிறது.
மூன்றாவது வரிசையாய்க்கூட இருக்கலாம்.
அது மக்காது.
அதுதான் கூச்சமாக இருக்கிறது.