உப்பிட்டவன்

போன வசந்தத்திலிருந்து ஞாயிறு தோறும்
சாலையோரப் பள்ளத்தில் இறங்குகிறாள்.
தேங்கிய சாம்பல் நீரை
ஊறுகாய்ப் போத்தலில் மொண்டு
மூடியில் தேதி எழுதுகிறாள்.
எங்கள் ஃபிரிட்ஜில், பாலுக்குப் பக்கத்தில்
137ஆம் மைல்கல் நின்றது.
ஒரு விடியலில் அரைத்தூக்கத்தில்
அதைக் குடிக்கப் போனேன்.

அந்தச் சாலைக்கு உப்புப் போடுகிறவன் நான்.
வெல்வாவிலிருந்து டிரேக் வரை, இரவு இரண்டு மணிக்கு,
முன்னால் பனி தள்ளும் தகடு,
பின்னால் சுழலும் தட்டு.
திருகை எட்டில் வைத்தால் மைலுக்கு நானூறு பவுண்டு.

சாப்பிடும்போது கேட்டாள்,
மைலுக்கு எவ்வளவு, அப்பா?
உருளைக்கிழங்கை மென்றபடி சொன்னேன்.
அது ஓர் அட்டைப் பலகையில்
சிவப்புப் பட்டையாக என் தோளுயரம் எழும் என்று
அப்போது தெரியாது.

மார்ச். மைனாட் கல்லூரியின் விளையாட்டுக் கூடம்.
கூடைப்பந்து வளையங்களை மேலே மடக்கிவிட்டுக்
கீழே நூற்றுப் பன்னிரண்டு மேசைகள்.
பள்ளிகளில் ஒருமுறை சலித்து
ஒன்பது மாவட்டங்கள் இங்கே கொட்டிய பிள்ளைகள்.
ஒருத்தன் கோதுமை நாற்றுக்கு வயலின் வாசித்திருக்கிறான்.
ஒருத்திக்குக் கோழிகளின் தூக்கம்.
ஆமைமலைப் பக்கத்திலிருந்து வந்த டெலோர்ம்
ஒரு தேன்கூட்டைக் குளிர்காலம் முழுக்கத்
தராசிலிருந்து இறக்காமல் எடை எழுதியிருக்கிறான்.
தை, மாசியில் அந்தக் கோடு
மூச்சு விடுவதுபோல் மெல்லத் தாழ்ந்தது.
பிரிட்டா என் கையைக் கிள்ளினாள்.
அவன்தான், என்றாள்.

அவள் பலகையை அன்றுதான் முழுதாகப் படித்தேன்.
ஜூலையிலும் உப்பு, ஆகஸ்டிலும் உப்பு.
புல் காய்ந்து, தவளை போய்,
பள்ளம் மட்டும்
உப்பிட்டவனை உள்ளளவும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிய நடுவர் கேட்டார்:
இந்த எண் எங்கே கிடைத்தது?
லாரி ஓட்டுகிறவரிடம்.
அவரை நம்பலாமா?
மூன்று மேசை தள்ளித்
தொப்பியைக் கையில் பிசைந்தபடி நின்றேன்.
எடைச்சீட்டோடு ஒத்துப் பார்த்தேன், என்றாள் மகள்.
ஆறு சதவீதம் கூட்டிச் சொல்கிறார்.

முதல் இரண்டு பேர்
மே மாதம் நேரே தெற்கே போவார்கள்,
பல தேசத்துப் பிள்ளைகள் கூடும் பெரிய மண்டபத்துக்கு.
டெலோர்ம் போகிறான். கோழிகளும் போகின்றன.
மூன்றாவதாக வாசித்தார்கள் அவள் பெயரை.
மூன்றாவதுக்கு ஃபார்கோ.
ஏப்ரலில் மாநிலப் போட்டி,
அதில் தேறினால் அந்தக் கதவு இன்னொரு முறை திறக்கும்.

சாயர் ஊர் தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:
இந்தப் பள்ளம் சூரிஸ் ஆற்றில் விழுகிறது.
ஆறு வடக்கே திரும்பிக் கனடாவுக்குள் போய்
இன்னொரு ஆற்றில், அது இன்னொன்றில்,
பிறகு ஏரி, பிறகு கடல்.
ஒவ்வொரு பெரிய நீரிலும் உப்பு மெலியும், அப்பா.
ஆனால் எங்கேயும் தொலைந்து போகாது.
உப்பைச் சொன்னாளா,
ஃபார்கோவையா,
கேட்கவில்லை. ஹீட்டரைக் கூட்டி வைத்தேன்.

ஏப்ரல் பதினொன்று, உறைமழை.
ஒன்றரைக்குத் தொலைபேசி.
வாசலருகே, குப்பைப் பைகளில் சுற்றி
அவள் பலகை சாய்ந்திருந்தது.
ஆறு மணிக்குப் பள்ளிப் பேருந்து.

பாலத்தில் திருகை நாலுக்குக் குறைத்தேன்.
வாழ்வில் முதல்முறை.
கீழே கறுப்பாக ஆறு,
அதில் என் விளக்கு.
அதைத் தாண்டினால் 137ஆம் மைல்,
பேருந்து திணறும் மேடு,
கண்ணாடிபோல் மின்னியது.
ஒன்பதில் வைத்தேன்.
திரும்பி வந்து இன்னொரு முறை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இறங்குவாள்.
அந்த இடத்தில் கோடு செங்குத்தாக எகிறும்.
எவ்வளவு, என்று கேட்பாள்.
இந்த முறை
எடைச்சீட்டைப் பார்த்துச் சொல்வேன்.