விழுங்குவதற்கு ஒன்று

நாளுக்கு இருநூறு கோப்பை
உறிஞ்சித் துப்புகிற வேலை எனக்கு.
குன்னூரில் ஏலத்துக்கு முன்னால்
எந்தத் தோட்டத்து டஸ்ட் என்ன விலை போகும் என்று
என் நாக்கு சொல்ல வேண்டும்.
பதினேழு வருஷமாகச் சொல்கிறது.
பச்சை வெங்காயம் இல்லை, பாக்கு இல்லை,
தலையில் மல்லிகைகூட இல்லை.
சாயங்காலம் ஆறு மணிக்கு
ஒன்றையாவது விழுங்க வேண்டும்போல் இருக்கிறது.

சோடா சேர்த்தால் வயிறு ஊதும்.
கோலா சேர்த்தால் அது கோலா.
ஐஸ் எதற்கு, இந்த ஊர் ஜனவரியில்?
வெறுமனே ஒரு மிடறு,
வாயில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு
இறங்க வேண்டும்.
இறங்கும்போது தொண்டையில் ரம்பம் ஓடக் கூடாது.
மறுநாள் எட்டரைக்கு
முதல் கோப்பை முன் நிற்கையில்
நாக்கு அதை மறந்திருக்க வேண்டும்.
விலை ஆயிரத்தைத் தாண்டக் கூடாது.
பெரிய ஆசை இல்லை.

முதலில் வாங்கியதன் பெயரில் ஒரு ராஜா இருந்தான்.
குடித்தால் வார்னிஷ்.
இரண்டாவது இனித்தது,
மாவைவிட எசன்ஸ் கூடிப்போன கேக் மாதிரி.
மூன்றாவது பரவாயில்லை, ஆனால் மறுநாள்
கோத்தகிரிப் பக்கத்து லீஃப் ஒன்றில்
இல்லாத புகையைச் சொல்லிவிட்டேன்.
கிலோவுக்கு நான்கு ரூபாய் அடி.
மேனேஜர் எதுவும் கேட்கவில்லை.
ஒரு ஏலக்காயை மட்டும்
மேஜையில் என் பக்கமாக நகர்த்தினார்.

கடையில் நான் போனதும் வரிசை விலகியது,
மரியாதையா கூச்சமா தெரியவில்லை.
விலகிய வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.
கம்பிக்குள்ளிருந்து,
"யாருக்குக்கா?"
"எனக்கு."
அவன் நோட்டைப் பார்த்தான்,
வெளியே மழையைப் பார்த்தான்.
"என்ன கலப்பீங்க?"
"ஒண்ணும் இல்ல."

கோமதிநாயகம், தென்காசிக்காரன்.
ஒரு சொட்டுத் தொட்டதில்லையாம்.
அவனிடம் போய், எது வழுக்கிக்கொண்டு இறங்கும்
என்று கேட்டிருக்கிறேன்.

"ருசி தெரியாதுக்கா.
பாட்டில் திரும்பி வர்றதத்தான் பாக்கறேன்.
பத்து ரூவா வாங்க வருவாங்கல்ல?
இந்தா, இது ராத்திரி போனா
காலைல கடை தொறக்கறதுக்குள்ள வந்து நிக்கும்.
மூடி இருக்காது.
இது மூணு நாள்.
இதுக்கு மாசம் ஆகும்.
கழுவி, மூடி போட்டு, ஸ்டிக்கர் கிழியாம.
கொண்டு வர்றவரு சில்லறைக்குச் சண்டை போடமாட்டாரு."

மேல் தட்டில் தூசி படிந்த ஒன்றைக் காட்டினேன்.

"அது மார்ச்சுல ரெண்டு போச்சு.
ரெண்டும் இன்னும் வரல."

எண்ணூற்று அறுபது.
பத்து சேர்த்து எண்ணூற்று எழுபது.

வெள்ளைக் கோப்பையில்தான் ஊற்றினேன்,
விளிம்பு உடைந்து ஆபீஸ் கழித்துப் போட்டது.
நிறம், ஐந்து நிமிடம் ஊறிய சாயம்.
முகர்ந்தால் ஈரச் சாக்கு,
அதற்குப் பின்னால் வறுத்த பார்லி,
அதற்கும் பின்னால்
பெயர் தெரியாத ஏதோ பழம்.
எங்கள் பாஷையில்: உரம் உண்டு, கருகல் இல்லை.
பழக்க தோஷம், சத்தமாக உறிஞ்சிவிட்டேன்.
வாய் தானாகத் துப்புத் தொட்டியைத் தேடித் திரும்பியது.
அங்கே சுவர்.
சரி.

பர்லியார் வளைவுகளில் சில லாரிகள்
ஹாரன் இல்லாமல், பிரேக் தேயாமல்,
இரண்டாம் கியரில்
மேட்டுப்பாளையம் வரை இறங்கிவிடும்.
அப்படி இறங்கியது.

இரண்டு மூடி வீதம் இருபத்தாறு இரவு வந்தது.
மறுநாள் எந்தத் தோட்டத்துக்கும்
நஷ்டம் இல்லை.

இருபத்தேழாம் நாள் பாட்டிலைக் கழுவி
மூடி போட்டு, பையில் வைத்து
பஸ் ஸ்டாண்டுக்கு மேலேறும் படி வரை போனேன்.
வரிசை இந்த முறை விலகவில்லை.
என் முறை வந்தபோது
அதிலேயே இன்னொன்று என்றேன்.

"பழசு எங்கக்கா?"

பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு
"இன்னும் தீரல" என்றேன்.