ஆந்தை மட்டும்

மூன்றரைக்கு ஆலைச் சங்கு.
ரப்பர் அங்கியைக் கழற்றி மாட்டிய பிறகும்
விரல்கள் எண்ணிக்கொண்டே இருந்தன:
நிமிடத்துக்கு இருபத்துநாலு, தலைகீழாக, கொக்கியில்.
வெள்ளைப் பறவைகள். மார்பு கனத்து
நடக்கவே திணறுபவை.
அவற்றுக்கும் வான்கோழி என்றுதான் பெயர்.
லாரிக் கம்பி வழியாக ஒரே ஒருமுறை
வானத்தைப் பார்த்திருக்கும்.

டிரக்கை சர்ச் வளைவிலேயே நிறுத்தினேன்.
கதவை அறையவில்லை, பொருத்தி வைத்தேன்.
கிராப்ட்ரீயின் வேலியைத் தாண்ட எனக்கு அனுமதி உண்டு;
நவம்பர் இரவொன்றில் அவர் பசுவுக்குக்
கன்று இழுத்துக் கொடுத்த கூலி.

மார்ச் கடைசி. மிசூரி மேட்டில்
புல்லெல்லாம் உறைபனி.
சீசனுக்கு இன்னும் பதினெட்டு நாள்.
துப்பாக்கி வீட்டில், போர்வைகளுக்கு மேலே படுத்திருக்கிறது.

ஓடை தெரியாது, சத்தம்தான்.
கைகளைக் குவித்து ஆந்தையானேன்.
எட்டு அலறல். கடைசியை இழுக்கும்போது
என் குரல் எப்போதும் கொஞ்சம் உடையும்.
விவாகரத்தான வருஷம்
தூக்கம் வராமல் கற்றுக்கொண்டது.

கோபமோ, பயமோ,
வாயை அடக்கத் தெரியாத குணமோ,
பதில் வந்துவிட்டது:
தகரக் குடத்தில் கூழாங்கல் போட்டுப்
படியில் உருட்டிவிட்ட மாதிரி.

வெளுக்க வெளுக்க
சிக்கமோரின் வெள்ளைக் கிளையில்
ஒரு கறுப்பு மூட்டை,
கழுத்து முளைத்து, அவனானது.
இறங்கினான். அத்தனை எடை,
இரண்டு வீச்சில், எதிலும் இடிக்காமல்.
செம்பும் பச்சையும். மார்பில் ஒரு சாண் மயிர்.
நான்கு பெட்டைகள் அவனைக் கவனிக்காமல்
சருகு கிளறிக்கொண்டே போயின.

காடு காலியான பின் குனிந்து படித்தேன்.
எச்சம் நத்தையாய்ச் சுருண்டிருந்தால் பெட்டை.
தூண்டில் முள்ளாய் வளைந்திருந்தால் சேவல்.
முள். நாலடி தள்ளி இன்னொரு முள்.
புழுதியில் காலடிகளுக்கு இருபுறமும்
இறக்கை நுனி இழுத்துப்போன கோடு.
நோட்டில் எழுதினேன்: 6.19, ஓடை வளைவு, ஒருவன்.

எழுந்தபோது
அந்தக் கோட்டின் மேல் வெள்ளையாய் ஒரு பொடி இறகு.
இந்தக் காட்டில் எதற்கும் அந்த நிறம் இல்லை.
என் சட்டைக் கையிலிருந்து விழுந்தது.
பொறுக்கிப் பைக்குள் போட்டுப்
பொத்தானும் போட்டேன்.
ஏனோ, மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது.
யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

பெட்ரோல் பங்கில் காபி ஊற்றிக்கொண்டிருந்தான் ஸ்டால்கப்.
“ஏதாவது காதில் விழுந்ததா, நெவா?”
“ஆந்தை மட்டும்.”
பொய்யில்லை.

“எனக்கும் அதேதான்” என்றான்,
கோப்பைக்கு மூடி தேடியபடி.
“எட்டு அலறல்.
கடைசி மட்டும் கொஞ்சம் உடைஞ்சுது.”

அவன் பூட்ஸைப் பார்த்தேன். ஓடைச் சேறு,
என்னுடையதைப் போலவே, கணுக்கால் வரை.
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.