மஞ்சள் பூ இல்லாமல்

ஜெலோஷ் வந்தபோது
தராசை அப்போதுதான் துடைத்து வைத்திருந்தேன்.
மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"டிலாவுக்குக் கொடுத்தாயே, அதே கலவை.
எனக்கும் தூக்கம் வருவதில்லை."

டிலாவுக்குக் கொடுத்தது
நோட்டில் தேதியோடு இருக்கிறது:
மலைத்தேநீர்த் தண்டு இரண்டு பங்கு,
லிண்டன் பூ ஒரு பங்கு,
அரைப் பங்கு மஞ்சள் பூ.
புனித யோவான் திருநாளன்று
பனி காய்ந்தபின் சரிவில் பறிப்பது.
பச்சையாய்க் கசக்கினால் விரல் சிவக்கும்.

கலந்த ஜாடி அலமாரியில்தான் இருந்தது.
எடுத்துக் கொடுத்துவிட்டு
இருநூறு லெக் வாங்கிக்கொண்டிருக்கலாம்.
மழையும் விட்டிருக்கும்.

"பையில் என்ன இருக்கிறது, காட்டு."
எல்லைக் காவலன் மாதிரிக் கேட்கிறாயே என்று சிரித்தான்.
ஒரு பேனாக்கத்தி.
ஆட்டுக் காதில் மாட்டும் எண் வில்லை இரண்டு.
நசுங்கிய சிகரெட் பெட்டி
(நிறுத்திவிட்டானாம், இது பழையதாம்).
பிறகு, கைக்குட்டையில் பொதிந்து
பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

"இது?"
"ஒன்றுமில்லை. திரானாவில் வால்வு மாற்றினார்களே,
அதிலிருந்து."

ஒன்றுமில்லை என்றுதான்
எல்லாரும் சொல்கிறார்கள்.
மாத்திரை மருந்து, இலை வெறும் இலை,
உள்ளே போனால் ஒன்றையொன்று
பார்த்துக்கொள்ளாது என்று நினைப்பு.
ஒரே வாசல், ஒரே கூடம்,
பார்க்காமல் எப்படி இருக்கும்?

கோப்லிக் மருந்துக்கடைக்குப் போன் போட்டேன்.
வித்தோரே அட்டையில் இருந்த பெயரை
எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள்.
நான் பூக்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
மஞ்சள் பூ என்றதும்
அந்தப் பக்கம் கல்லாப்பெட்டி மூடும் சத்தம்.
"அதை அவன் கண்ணில்கூடக் காட்டாதே.
ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை அது.
இந்தப் பூ அதை வேலை செய்ய விடாது."

"மஞ்சளை மட்டும் பொறுக்கி எடுத்துவிடேன்" என்றான்.
ஜாடியைச் சாய்த்துக் காட்டினேன்.
இதழ் நொறுங்கி
தண்டிலும் இலையிலும் ஒட்டி அப்பிக் கிடந்தது.
பாலையும் நீரையும் பிரிக்கிற பறவை
ஏதோ ஒரு நாட்டுக் கதையில் உண்டாம்.
எங்கள் மலையில் கழுகுதான்.

தட்டைச் சாராயத்தில் துடைத்துவிட்டுப்
புதிதாய் நிறுத்தேன்.
மலைத்தேநீர் மட்டும்.
வித்தோரே சம்மதித்தது அவ்வளவுதான்,
அதுவும் ஒரே கோப்பை,
அதுவும் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

"இதற்கா இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்?
இது என் ஆடுகள் மேய்வது."
"ஆடுகளுக்கு வால்வு மாற்றவில்லை."

காசு கொடுக்காமல் போனான், நானும் கேட்கவில்லை.
கதவை அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.
மெதுவாகச் சாத்தினான்.

ஜாடியை அடுப்பில் கவிழ்த்தேன்.
வீடெல்லாம் ஜூன் மாதம் மணந்தது.
நோட்டை மறுபடி புரட்டினேன்.
டிலாவின் பெயர், ஆகஸ்ட், பங்குகள்,
கையில் வாங்கிய தொகை.
என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று
ஒரு வரி இல்லை.
கேட்கவேயில்லை அவளை.
நன்றாகத் தூங்குகிறேன் என்று
இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டார்ச்சோடு இறங்கினேன்.
ஓடை ஏறியிருந்தது, பூட்ஸுக்குள் தண்ணீர்.
டிலா இரவு உடையில் கதவைத் திறந்தாள்,
யாருக்கு என்ன ஆச்சு என்றாள்.
"ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?
எதுவானாலும் சரி, சின்னதானாலும் சரி."

அவள் யோசித்தாள்.
உள்ளே திரும்பி, அலமாரியைப் பார்த்து,
விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.
டார்ச்சை அணைக்க மறந்து
அவள் விரல்கள்மீதே அடித்துக்கொண்டு நின்றேன்.