இரண்டு கோப்புகள்

வாக்களிப்பு எட்டு மணிக்கு முடிந்தது.
எட்டு மூன்றுக்குள்
இருவரையும் ஜெயிக்க வைத்துவிட்டேன்.

கோப்பு ஒன்றில் நங்கூரம், பாங் கியாட் வெய்.
கோப்பு இரண்டில் மிதிவண்டி, எலெயின் தியோ.
இரண்டிலும் அதே 'வென்றார்'.
ஆணா பெண்ணா என்று கேட்காத வினைமுற்று,
தமிழ் எனக்குச் செய்யும் உபகாரம்.
விழுக்காட்டுக்கு முன்னால்
மூன்று நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறேன்.

"குடவோலையில் தொடங்காதே" என்கிறார் தனபாலன்,
"போன தேர்தலிலேயே தொடங்கிவிட்டோம்."
அழித்தேன். இரண்டிலும்.

காலாங் வே, ஐந்தாம் மாடி.
ஒன்பதரைக்கு மேல் குளிர்சாதனம் தானாக நின்றுவிடும் கட்டடம்.
நீட்டிக்கச் சொல்லி மனுப் போட
யாருக்கும் நினைவில்லை.
விளையாட்டரங்கிலிருந்து இஸ்கந்தர் படம் அனுப்புகிறான்:
ஒளிக்குச்சிகள், கைப்பிடியோடு கழற்றிவந்த மிதிவண்டி மணிகள்.
அங்கே எல்லோருக்கும் முடிவு தெரிந்திருக்கிறது.
பீஷான் காப்பிக் கடையில்
நங்கூரச் சட்டைக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது,
வேறு முடிவு.

என் தம்பி இளவழகன்
உட்லண்ட்ஸில் ஒரு பள்ளி மண்டபத்தில் எண்ணுகிறான்.
வேதியியல் ஆசிரியன்,
இன்றிரவு விரலில் ரப்பர் உறை.
கைப்பேசியை வாங்கி
பெயரெழுதிய உறையில் போட்டுவிட்டார்களாம்.
அவன் மேசையில் கொட்டிய பெட்டி அவனுக்குத் தெரியும்,
பக்கத்து மேசை தெரியாது.
கதவு திறந்ததும் என்னை அழைப்பான்,
அழைத்து, "சாப்பிட்டியா?" என்பான்.
அவ்வளவுதான் சொல்வான்.

பத்து நாற்பது. மாதிரி வாக்கு எண்ணிக்கை.
ஐம்பது, ஐம்பது.
கூடவோ குறையவோ நான்கு என்று கீழே பொடி எழுத்தில்.
'மதில்மேல் பூனை' என்று தலைப்பிட்டேன்.
"பூனை யாரென்று கேட்டு நாளைக்குக் கடிதம் வரும்."
எடுத்தேன்.

பிறகு ஒன்றும் இல்லை.
பரோட்டா வந்தது, குழம்பு வரவில்லை.
யாரோ தே ஓ கோசோங்கை என் மேசையில் வைத்துவிட்டு
தேடிக்கொண்டு திரிகிறார்.

சும்மா இருக்க முடியாமல் கோப்பு ஒன்றைத் திறந்தேன்.
பிரசாரத்தின் ஆறாம் நாள், ஜூரோங் வெஸ்ட்,
வீவக வீடுகள், மேலிருந்து கீழாகப் படியிறக்கம்.
கேமராக்கள் மின்தூக்கியில் முன்னால் போய்விட்டன.
ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவே
பாங் ஒரு படியில் உட்கார்ந்து
காலணியைக் கழற்றிக் கவிழ்த்தார்.
சிறு கல்.
அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம்.
சுற்றிப் பார்த்தார், தொட்டி இல்லை,
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
பின்னால் நான் மட்டும்.

அதை ஒரே வாக்கியமாக எழுதினேன்.
பதினோரு வருட வேலையில்
இப்படி ஒன்று வாய்த்ததில்லை.
ஒரு சொல்லை நகர்த்த முடியவில்லை.

நான் அவருக்குப் போடவில்லை.

கோப்பு இரண்டில் அது பொருந்துமா என்று பார்த்தேன்.
எலெயின் தியோவின் காலணியில் கல் இல்லை.
தோற்றவர் பற்றிய கடைசிப் பத்தியில் செருகினால்
இரங்கல் குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது.
கல் கனத்துவிடுகிறது.

பன்னிரண்டு ஐம்பது. மறு எண்ணிக்கை.
தனபாலன் சட்டைப் பொத்தானைக் கழற்றி
கோப்பட்டையால் விசிறிக்கொள்கிறார்.
ஆ லுவான் வாளியோடு வந்து
எங்கள் கால்களைத் தூக்கச் சொல்லித் துடைக்கிறார்,
துடைப்பத்தை நிறுத்தி மோவாயால் திரையைக் காட்டிக் கேட்கிறார்,
யார்?
உதட்டைப் பிதுக்கினேன்.
"ஐயா, இன்னும் எண்ணுகிறார்களா" என்பதுபோல் ஏதோ
ஹொக்கியெனில் சொல்லிக்கொண்டு போனார்.

இரண்டு இருபத்தாறு.
தம்பியிடமிருந்து:
சாப்பிட்டியா?
ஒற்றைக் கேள்விக்குறி.
எப்போதும் இரண்டு போடுவான்.
அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று
மூன்று முறை படித்தேன்.

திரையில் தேர்தல் அதிகாரி நடந்து வருகிறார்.
கையில் ஒரு தாள்.
ஒலிவாங்கி உயரமாக இருக்கிறது,
யாரோ ஓடிவந்து இறக்குகிறார்கள்.
விரல் எலியின்மேல்.
இரண்டு கோப்புகளும் திறந்திருக்கின்றன,
நட்சத்திரங்கள் அப்படியே இருக்கின்றன.
எந்த முடிவு வேண்டுமென்று
என்னையே கேட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது,
வாக்குச்சாவடியில் காலையில்
அவ்வளவு தெளிவாக இருந்தேன்.

அவர் தாளைப் பிரிக்கிறார்.
கண்ணாடியை மாட்டுகிறார்.
தண்ணீர் குடிக்கிறார்.