சக்களத்தியர்க்கு மதயானை

கேதோஜன் கடைசிச் சாபத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது
நான் போய் நின்றேன்.
ஏரிக்கரையில் சுள்ளென்று வெயில்.
அவன் புருவமெல்லாம் மாக்கல் தூள்.

கல்லின் நெற்றியில் சூரியன், சந்திரன்,
கன்றுக்கு மடி கொடுத்து நிற்கும் பசு.
அதற்குக் கீழே ஹொன்னலதேவி:
வீணையில் கலைமகள், கொடையில் கற்பகம்,
அரசன் மார்பில் வாடாத மாலை,
சக்களத்தியர்க்கு மதயானை.

சிரித்துவிட்டேன்.
யானை நேற்று ராத்திரி என் மடியில் தலைவைத்துப்
பல்வலியில் முனகிக் கிடந்தது.
கிராம்பை இடித்து ஈறில் அடைத்தவள் நான்.

அவைக் கவி பொம்மரசன் எழுதித் தந்த வரி.
எந்த ராணிக்கும் இதே யானையைத்தான் அவிழ்த்துவிடுவான்,
கூலி இரண்டு கத்யாணம் பொன்.
அவனுக்கென்ன தெரியும்,
மதகுக்குப் பணம் முட்டுப்பட்டபோது
என் ஒட்டியாணம் பனவாசிச் செட்டியிடம் போனதும்
மறுவாரமே அவள் கடகம் பின்னால் போனதும்.
அரசர் அப்போது வடக்கே போரில்.
குதிரைக்குக் கொள் வேண்டுமென்று
எங்களுக்கே ஓலை விட்டுக்கொண்டிருந்தார்.
மண் வெட்டிய ஒட்டர்களுக்குக் களி கிண்ட
ராகியை அளந்து போட்டவள் நான்.
கணக்கு அவள்.
என் கணக்கில் மூன்று படி குறைந்ததென்று
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பல்லக்கு வந்தது.
வீங்கிய கன்னத்தோடு இறங்கியவள்
நின்றபடியே முழுக்கப் படித்தாள்.
"யானையை அழி."

கேதோஜன் தலையைச் சொறிந்தான்.
ஓலையென்றால் கிழிக்கலாம் தாயே, இது கல்.
சுரண்டினால் பள்ளம் விழும்,
பள்ளத்தில் மழை நிற்கும்,
நின்றால் பாசி. பாசி பக்கத்து வரியைத் தின்னும்.
பக்கத்து வரி ஒட்டர்க்கு விட்ட நிலத்தின் எல்லை.

"அப்படியானால் ஜாகவ்வை பெயரையும் போடு."

இடமில்லை, அம்மா.
சாபத்தில் நாலெழுத்து குறைத்தால் போடலாம்.
ஆயிரம் பசுவைக் கொன்ற பாவத்தை
ஐந்நூறு ஆக்கினால்
நாளைக்கு வரி வாங்க வருபவன் பயப்படமாட்டான்.

மூவரும் கல்லையே பார்த்து நின்றோம்.
ஒரு கொக்கு மதகுமேல் வந்து உட்கார்ந்தது, போயிற்று.

"இருக்கட்டும் ஹொன்னலே" என்றேன்.
"இத்தனை பெரிய கல்லில்
நான் இருக்கும் ஒரே இடம் அது.
சக்களத்தியர் என்று பன்மையில் வேறு எழுதியிருக்கிறான்.
உனக்கு நான் ஒருத்திதானே?
மிச்ச இடத்திலும் நானே
காலை நீட்டி உட்கார்ந்துகொள்கிறேன்."

அவள் சிரிக்கப் போய்
ஐயோவென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை மதகைத் தூக்கிப் பார்த்தார்கள்.
தண்ணீர் முதலில் செம்மண்ணாய் வந்தது,
பிறகு தண்ணீராய்.
ஊரே வாய்க்காலோடு ஓடியபோது
சேற்றிலிருந்து ஏறி வந்த எருமையொன்று
புதுக் கல்லில் கழுத்தைத் தேய்த்துத்
தேய்த்து
யானைமேல் சேறு அப்பிவிட்டுப் போனது.

அவளும் விரட்டவில்லை, நானும்.